கூடைக்காரி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் அம்மாவும் நலமா? அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாளா? விட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவாள், பக்கத்தில் நின்று பார். இதையெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா எடுத்தால் உன் முறை வருவதே இல்லை, நீ எடுத்தால் எனக்கு வாய் வருவதில்லை. நான் விடுதிக்குப் போன நாளிலிருந்து நம் இருவருக்கும் கடிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

இன்று எழுத ஒரு பெரிய காரணம் இருக்கிறது. எங்கள் நாணயச்சாலையில் இந்த வருடம் சேகரிப்பாளர்களுக்காக வெள்ளி நாணயங்கள் வெளியிடப்போகிறார்கள். புகழ்பெற்ற ஓவியங்கள், ஓவியத்துக்கு ஒரு நாணயம். கடையில் கொடுத்து மாற்றுகிற காசு இல்லை, பெட்டியில் வைத்துப் பார்க்கிற காசு. முதலாவது ஒரு கடல் ஓவியம். இரண்டாவது எது தெரியுமா? அப்பா பெயிண்ட் கடையிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்தாரே, அந்தக் காலண்டர் படம்! வெள்ளை விரிப்பும் நான்கு பெண்களும். தேதித் தாள்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் சுவர் விரிசலை மறைக்க ஒன்பது வருடம் தொங்கியதே, அதேதான். அது உலகம் முழுக்கத் தெரிந்த ஓவியம் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும்.

நேற்று எங்கள் வடிவமைப்புப் பிரிவில் முதல் கூட்டம். நீள மேசை, நடுவில் படத்தின் பெரிய அச்சு. பிரிவுத் தலைவர் மேடம், சிற்பி, விற்பனைப் பிரிவிலிருந்து இருவர், கோடியில் உதவியாளராக நான். இந்த ஓவியத்தை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் அசலையே அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறார். ஒருவர் கல்யாணமான புதிதில் மனைவியோடு போய்ப் பார்த்தாராம். சிற்பி, தூக்கவே முடியாத ஒரு புத்தகத்தைச் சொன்னார். என் முறை வந்தபோது, "நானும் புத்தகத்துலதாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உன்னிடம் சொன்னால் மனது லேசாகும் என்று எழுதுகிறேன்.

அம்மாவிடம் காலண்டர் விஷயத்தைச் சொல். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை


பிப்ரவரி 15

பென்சிலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சௌக்கியம் என்றால், அம்மாவுக்குக் கண், மாமாவுக்கு முதுகு, எனக்கு இவர்கள் இருவரும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இன்னும் பென்சில் மாதிரியேதான் இருக்கிறாயா, கொஞ்சமாவது பேனா ஆனாயா?

உன் கடிதத்தை மருத்துவமனைக்கே எடுத்துப் போய், சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். என்னோடு போர்வை மடிப்பவள் ஒருத்தி இருக்கிறாள். வாயை மூடவே மாட்டாள், அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஒரு போர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்: அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. அவளிடம் மறைத்து எதையும் படிக்க முடியாது.

"உன் தங்கச்சி காசு அடிக்கிற இடத்துல இருக்கா, நீ ஏன்டி இங்க போர்வை மடிச்சிட்டு நிக்கிற?" என்றாள்.

"அது செலவு பண்ற காசு இல்லடி. பாக்குற காசு."

"பாக்குறதுக்கு எதுக்குடி காசு? நான் சும்மாவே பாக்குறேனே!"

மேற்பார்வையாளர் வந்து அதட்டும் வரைக்கும் சிரித்தோம்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அந்தக் காலண்டர் இப்போது இல்லை. வீடு மாறும்போது கழற்றப் பார்த்தேன், ஈரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்க உரிக்கத் துண்டு துண்டாக வந்தது. உன் முகம் மட்டும் முழுசாக வந்தது. அதையும் எங்கேயோ பத்திரமாக வைத்துத் தொலைத்துவிட்டேன். போகட்டும், இப்போது வெள்ளியிலேயே வரப்போகிறது. ஈரம் ஒன்றும் செய்யாது.

யார் யார் என்று நினைவிருக்கிறதா? விரிப்பின் இரு முனையையும் பிடித்து முறுக்குகிறவர்கள் அம்மாவும் அத்தையும். கீழே உட்கார்ந்து சிரிக்கிறவள் நீ, வீட்டில் வேலை செய்யாதவள் நீதானே. வலது ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு போகிறவள் நான். கூடைக்காரி. "மூஞ்சியே இல்லாதவளை எதுக்குக்கா எடுத்துக்கிட்ட?" என்று கேட்பாய். "மூஞ்சி இல்லன்னா என்ன, என் மூஞ்சியை வெச்சிக்கிறேன்" என்பேன். கூடையில் ஆப்பிள் இருக்கிறது என்று நீயும், ஈரத்துணி என்று நானும் சண்டை போட்டு, நீ என் கையைக் கடித்தாய். பல் பட்ட இடம் இன்னும் இருக்கிறது.

இப்போது உன்னிடம் பூதக்கண்ணாடியெல்லாம் இருக்குமே. கூடையில் என்னதான் இருக்கிறது, பார்த்து எழுது. இருபது வருட வழக்கு, தீர்ந்துபோகட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் மூவர் நலமும் அறிய ஆவல். மாமா முதுகுக்குப் பலகையில் படுத்துப் பார்க்கட்டும், எங்கள் சிற்பிக்கு அதில்தான் சரியானதாம்.

சிற்பியைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் எப்போதும் வெள்ளைத் தூள். நாணயம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர்தான், ஆனால் அவர் முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பிளாஸ்டரில் செதுக்குகிறார். பிறகுதான் இயந்திரம் அதைச் சிறிதாக்கி எஃகு அச்சில் பதிக்கிறது. விரிப்பின் மடிப்புகளை மட்டுமே நான்கு நாள் செதுக்கினார். உலர்ந்த பிளாஸ்டரை ஊதிவிட்டு, அது ஈரத்துணி போல இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். உன்னைக் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டில் அழகாக இருப்பதெல்லாம் நாணயத்தில் நிற்காது. "காசுல கூட்டம் கூடாதும்மா. நாலு பேர் நின்னா மூச்சு முட்டிடும்" என்பார். எல்லாவற்றையும் அளந்து பார்த்து மேடத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். தெளிவாக இருக்கிறது என்று மேடம் சொன்னார். இங்கே வந்து எட்டு மாதத்தில் என்னை அவர் பாராட்டியது இதுதான் முதல் முறை.

உணவகத்தில் இப்போது ஜன்னல் ஓர மேசையில் உட்காருகிறேன். இன்னும் தனியாகத்தான்.

ரேடியோவைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை


ஏப்ரல் 2

பென்சிலுக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். மாமா பலகையில் படுத்தார். இப்போது முதுகோடு கழுத்தும் வலிக்கிறது. உன் சிற்பியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், எந்த அர்த்தத்தில் என்று நீயே புரிந்துகொள்.

விரிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கூடையைப் பற்றி ஒரு வரி இல்லை. பூதக்கண்ணாடி உடைந்துவிட்டதா?

இங்கே சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. துணி உலர்த்தும் யந்திரத்துக்காரர் ஆப்பிள் கட்சி, நானும் ரேடியோவும் ஈரத்துணி. மேற்பார்வையாளர், "வேலை நேரத்துல என்னம்மா கூடை பேச்சு?" என்று கத்திவிட்டு, போகும்போது மெதுவாக, "ரொட்டியாக்கூட இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுது.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். ஆகஸ்டில் விடுப்புக் கிடைத்தால் அம்மாவோடு இருக்க வருகிறேன்.

போன மாதம் எனக்கே எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார்கள். இந்த மாதிரி நாணயத்தில் சில இடங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும், சில இடங்கள் உறைபனி படிந்தது போல மங்கலாக இருக்கும். எது எப்படி இருக்க வேண்டும் என்று கோடு போட்டுத் தர வேண்டும். தரை என் பொறுப்பு. வெயில் வலப் பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது, உனக்குத் தெரியுமே. நிழல்கள் இடது பக்கமாக நீளும். வெயில் விழும் தரை மங்கல், நிழல் விழும் இடம் கண்ணாடி. நாணயத்தைச் சாய்த்தால் நிழல் கறுத்துத் தெரியும். ஒரே மூச்சில் வரைந்து முடித்துவிட்டேன். பக்கத்திலிருந்த படத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

"பாக்காமலே போடுறியே, கனவுல வந்துச்சா?" என்றார் சிற்பி. சிரித்தேன். அப்போதாவது காலண்டரைச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில்தான் விற்பனைக்கு வரும். ஆனால் முதலில் அடிப்பதில் எங்கள் பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒன்று தருவார்கள். என்னுடையதை உனக்கு அனுப்புகிறேன். ஓரத்தை மட்டும் பிடி, நடுவில் விரல் படக்கூடாது.

அக்கா, அது ரொம்பச் சின்னது. அதிகம் எதிர்பார்க்காதே.

உன் தங்கை


ஜூன் 18

பென்சிலுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

பெட்டி வந்தது. நீல வெல்வெட், மூடி திறந்தால் மெதுவாகத் தானே நிற்கிறது. நல்ல பெட்டி. இடைவேளையில் சலவைக்கூடத்தில் வைத்துத்தான் திறந்தேன். எல்லோரும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். விரிப்பின் மடிப்பைப் பார்த்து உலர்த்தும் யந்திரத்துக்காரர், "இன்னும் பத்து நிமிஷம் ஓட்டணும், ஈரமா இருக்கு" என்றார். உங்கள் சிற்பியிடம் சொல், சந்தோஷப்படுவார்.

ரேடியோ மூன்று பேரையும் விரலால் காட்டி எண்ணினாள். "எங்கடி உன் கூடைக்காரி?" என்றாள்.

"துணி எடுக்கப் போயிருக்கா" என்றேன்.

உன் வேலை நேர்த்தியாக இருக்கிறது. தரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அன்றைக்கு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஒன்றும் இல்லை. அலமாரியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

மார்ச்சில் எழுதினேனே, அளந்து பார்த்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன் என்று. அதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லவில்லை. நகல் என்னிடம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்: "நான்கு உருவங்களையும் வைத்தால் முகங்கள் கடுகளவுக்குக் குறைந்துவிடும். வலது ஓரத்தில் உள்ள உருவத்தை நீக்கலாம். முகம் தெரியாத உருவம் என்பதால், பார்ப்பவர்கள் அதன் இன்மையை உணரமாட்டார்கள்."

மூன்று வரி. அதற்குத்தான் மேடம் பாராட்டினார்.

அளவு சரிதான் அக்கா. இப்போது அளந்தாலும் அதேதான் வரும். ஆனால் மேடம் குறிப்பைப் படித்துவிட்டு, படத்தில் கூடைக்காரியைத் தொட்டுக்காட்டி, "யாருக்காவது வேற யோசனை இருக்கா? இந்தம்மா இல்லாம நல்லா இருக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சொல்ல இருந்தது. சொன்னால் பெயிண்ட் கடையைச் சொல்ல வேண்டும், சுவர் விரிசலைச் சொல்ல வேண்டும், தேனிலவில் பார்த்தவர்கள் முன்னால். முதல் கூட்டத்தில் புத்தகம் என்று சொன்னது வேறு. நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் சிற்பியைப் பற்றி எழுதினேன்.

நீ திட்டி எழுது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று தொலைபேசியில் அம்மாதான் எடுத்தாள். "அக்கா துணி காயப்போடுறா" என்றாள். போன வாரமும் துணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

நாணயம் விற்பனைக்கு வந்துவிட்டது. அதனால் எனக்கு விடுப்புத் தரவில்லை. அறுவைச் சிகிச்சை அன்று அம்மாவின் பக்கத்தில் இருக்க முடியாது. அதையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வரி எழுது.

உன் தங்கை


ஆகஸ்ட் 30

பென்சிலுக்கு,

அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "எப்போடி உனக்கு இவ்ளோ நரைச்சுது?" என்றாள். மாமா டாக்டரிடம், "பழைய கண்ணையே திருப்பி வெச்சிட முடியுங்களா?" என்று கேட்டார். இப்போது தூசி தெரிகிறது, ஒட்டடை தெரிகிறது, நாள் முழுக்க எனக்கு வேலை சொல்கிறாள். நீ நன்றாக இருக்கிறாயா?

உன் இரண்டு கடிதமும் வந்தன. கோபம் இல்லை. இருந்தது, துவைத்துக் காயப்போட்டாயிற்று. நான்கு பேரை அடைத்தால் முகம் கடுகாகிவிடும் என்றால் யாரையாவது எடுக்கத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் அவளைத்தான் எடுத்திருப்பேன்.

உன் பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டிலிருந்து இரண்டு பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு வந்தது. எனக்குக் காலை முறை வேலை இருக்கிறது, அம்மாவும் மாமாவும் போகட்டும் என்றேன். "சரிக்கா" என்றாய். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. ஒரு மாதம் முன்பே விடுப்புச் சொல்லி வைத்திருந்தேன், புதுச் சேலைகூட எடுத்திருந்தேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டைக் கழுவித் துடைத்தேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் புதுக்கண் எப்படி இருக்கிறது? போர்வை மடித்து மடித்து உனக்குக் கை வலிக்கவில்லையே? மாமா நலமா? நான் நலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் "சரிக்கா"வை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னொரு சீட்டுக் கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வரிசையில் நின்று கேட்கக் கூச்சமாக இருந்தது. உனக்கு வேலை இருக்கிறது என்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. போன மாதம் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து நாணயச்சாலைக்குக் கடிதம் வந்தது. பெரிய தாள், நடுவில் இவ்வளவுதான்: "மூன்று பெண்கள். நான்கு நிழல்கள். நான்காவது யாருடையது?"

என் தரை அக்கா. என் கோடு. கூடைக்காரியை எடுத்துவிட்டு, அவள் நிழலை நான் வரைந்திருக்கிறேன். வலது ஓரத்தில் யாரும் இல்லாத இடத்திலிருந்து ஒரு நிழல் கிளம்பி, உட்கார்ந்து சிரிக்கிறவளின் கால் வரைக்கும் வருகிறது. கூடை வளைவுகூட இருக்கிறது. சிற்பி பார்த்தார், மேடம் பார்த்தார், விற்பனைக்காரர்கள் பார்த்தார்கள். யாரும் நிழலை எண்ணவில்லை.

அதே நீள மேசையில் விசாரணை. எந்தப் படத்தை வைத்து வரைந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"எதையும் வெக்கலைங்க" என்றேன். "எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்றார்கள். சொல்லிவிட்டேன். பெயிண்ட் கடை, காலண்டர், விரிசல், ஆப்பிள், கடித்தது, எல்லாம். நிறுத்தத் தெரியவில்லை. நான் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. முடித்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா."

சிற்பி, படத்தின் பெரிய அச்சின் மேல் நாணயத்தின் எல்லையைக் காட்டும் ஒரு காகித வட்டத்தை வைத்து, மெதுவாக வலப் பக்கம் நகர்த்தினார். "இப்படிக் கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா அந்தம்மா பாதியாவது நின்னிருப்பாங்க. கூடையோட" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி நின்றிருப்பாள் அக்கா. வட்டம் விரல் அகலம் நகர்ந்தால் போதுமாக இருந்தது.

விற்பனைக்கு முன்னால் யாராவது கவனித்துச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் எஃகு அச்சைத் திருத்தியிருப்போம், வெளியே தெரிந்தே இருக்காது என்றார் மேடம். இரண்டு மாதம் இத்தனை பேர் கையில் இருந்தும் ஒரு கண்ணிலும் படவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இனி அடிப்பதில் நிழல் இருக்காது. என்னைத் திங்கட்கிழமையிலிருந்து பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். திருத்திய நாணயங்களை வெல்வெட்டில் பதித்து மூடி போடும் வேலை. அச்சு, கோடு, கூட்டம் எதுவும் கிடையாது. திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

என் மேசையைக் காலி செய்த அன்று, பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் படத்தின் பெரிய அச்சில் கூடையைப் பார்த்தேன். பிப்ரவரியில் கேட்டாய். காலிக் கூடை அக்கா. ஆப்பிளும் இல்லை, துணியும் இல்லை. அடியில் இரண்டு பிரம்பு இழை பிய்ந்து தொங்குகிறது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். நீயும் கவனிக்கவில்லைதானே?

உன் தங்கை


நவம்பர் 2

பென்சிலுக்கு,

அம்மா நலம். மாமா நலம். ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாளாகச் சலவைக்கூடம் சாவு வீடு மாதிரி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பெட்டி அடுக்கும் இடத்தில் உட்கார நாற்காலி உண்டா, நின்றுகொண்டே வேலையா? நின்றுகொண்டே என்றால் காலுக்குக் கீழே கெட்டித் துணி மடித்துப் போட்டுக்கொள். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

காலிக் கூடையா? இத்தனை வருடம் எனக்கு இடுப்பு வலித்ததே!

நீ கடைசியில் கேட்டதற்கு இருபது நாளாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி திறந்த அன்றே பார்த்தேன். ரேடியோ ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர், நான்கு நிழல். என் நிழலை எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடம் அதன் கீழேதானே பாய் விரித்துப் படுத்தேன். வேலை முடிந்து வந்து, உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். இங்கே ஒரு தப்பு இருக்கிறது, யாரும் பார்ப்பதற்குள் உங்கள் மேடத்திடம் சொல்லிவிடு என்று. முதல் வரி எழுதினேன்.

அப்புறம் நினைத்தேன். சொன்னால் நீ சரிசெய்துவிடுவாய். ஒரு தப்புத் தெரிந்தால் உன் கை சும்மா இருக்காது. ரப்பரை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகும் வரை விடமாட்டாய். ஆள்தான் போயாயிற்று, நிழலாவது இருக்கட்டும் என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். வேறு தாள் எடுத்து, பெட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

நான் சொல்லியிருந்தால் உன் மேசை உன்னிடமே இருந்திருக்கும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று மேலே எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். வேறு தாளில் எழுதலாம்தான். இந்த முறை அப்படி அனுப்ப வேண்டாம் என்று தோன்றியது.

புது நாணயத்தை எனக்கு அனுப்பாதே. பழையதே இருக்கட்டும். அம்மா தினமும் காலையில் அதை ஜன்னலோரம் எடுத்துப் போய், ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, வெயிலில் சாய்த்துப் பார்க்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "இங்க ஒருத்தி நின்னுட்டு இருந்தாளே, எங்கடி?" என்று கேட்டாள்.

அக்கா